பாரிஸில் ஒரு மிஷ்லின் விருந்து: மேசை பிடிப்பதிலிருந்து பில் கட்டுவது வரை

பாரிஸுக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் ஒரு வேளையாவது நல்ல நட்சத்திர உணவகத்தில் சாப்பிடச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் கேட்பது கத்தி, ஃபோர்க் பற்றித்தான். எதை எந்தக் கையில் பிடிப்பது, எதை முதலில் எடுப்பது என்ற கவலை. அது பத்து நிமிடத்தில் பழகிவிடும். தவறினாலும் அங்கே யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. இந்த மாதிரி விருந்து கெட்டுப்போவதற்குக் காரணங்கள் வேறு. தூக்கம் சொக்கும் நேரத்துக்கு மேசை பதிவு செய்வது, சைவம் என்பதைப் போய் உட்கார்ந்த பிறகு சொல்வது, விலை கேட்காமல் ஒரு கோப்பை ஷாம்பெயினுக்குத் தலையாட்டுவது. முக்கால்வாசி வேலை விமானம் ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியிலும் மேசையில் உட்காருவதற்கு முந்தைய பகுதிதான் நீளமாக இருக்கும்.

முதல் படி: எந்த உணவகம்?

மிஷ்லின் என்பது டயர் நிறுவனம். கார் வைத்திருப்பவர்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் தேயும், வியாபாரம் நடக்கும் என்ற கணக்கில் 1900-ஆம் ஆண்டு ஒரு கையேட்டை இலவசமாக வெளியிட்டார்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் தருவது 1926-இல் தொடங்கியது. இரண்டும் மூன்றும் சில ஆண்டுகள் கழித்து வந்தன. ஒரு நட்சத்திரம் என்றால் தன் வகையில் மிக நல்ல சமையல். இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். இந்த விளக்கத்தில் டயர் வியாபாரியின் புத்தி இன்றும் தெரிகிறது.

நட்சத்திரம் தட்டில் வருவதற்குத்தான். சரவிளக்கு, வெள்ளித் தட்டு, வாசலில் நிற்கும் காவலாளி எதற்கும் மதிப்பெண் கிடையாது. ஆகவே ஒரே ஒரு நட்சத்திரம் பெற்ற செப்தீம் போன்ற இடத்தில் மேசை விரிப்புகூட இருக்காது. மர மேசை, இளைஞர் கூட்டம், பேச்சுச் சத்தம். ஜார்ஜ் சாங்க் ஹோட்டலில் உள்ள மூன்று நட்சத்திர லெ சாங்க்கில் கால் வைத்தால் அரண்மனைக்குள் வந்த மாதிரி இருக்கும். இரண்டும் "மிஷ்லின்" தான். எது வேண்டும் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வாழ்நாளில் ஒரு முறை, அந்தப் பகட்டையும் பார்த்துவிட வேண்டும் என்றால் ஹோட்டல் உணவகம். சாப்பாடுதான் முக்கியம், கூச்சம் வேண்டாம் என்றால் ஒரு நட்சத்திரக் கடை. பாரிஸில் மட்டும் நூறுக்கும் மேற்பட்ட நட்சத்திர உணவகங்கள் இருப்பதால் பிரபலமான நாலைந்து பெயர்களையே சுற்றி வர வேண்டியதில்லை.

வேறு இரண்டு வகையையும் சொல்ல வேண்டும். ஒன்று, காட்சிக்காகப் போவது. ஈஃபிள் கோபுரத்தின் இரண்டாம் தளத்தில், தரையிலிருந்து சுமார் 125 மீட்டர் உயரத்தில் ழுல் வெர்ன் இருக்கிறது. அதற்குத் தனி லிஃப்ட். சமையலும் தரமானதுதான், ஆனால் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஜன்னலுக்குப் போகிறது. தெரிந்தே கொடுப்பதில் தப்பில்லை. இன்னொன்று, மரபுக்காகப் போவது. சேன் நதிக்கரையில் உள்ள தூர் தார்ஷானில் வாத்துக்கு எண் போட்டுப் பரிமாறுகிறார்கள். 1890-இல் தொடங்கிய வழக்கம், 2003-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. உங்கள் வாத்தின் எண் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வாத்து சாப்பிடாதவர் அங்கே போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் படி: மதியத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குப் போங்கள்.

முதல் காரணம் பணம். பெரும்பாலான நட்சத்திர உணவகங்கள் மதியத்துக்கென்று சிறிய மெனு ஒன்றை வைத்திருக்கும். அதே சமையலறை, அதே கைகள், தட்டுகளின் எண்ணிக்கைதான் குறைவு. ஒரு நட்சத்திரக் கடையில் மதியம் தலைக்குச் சுமார் 60 முதல் 100 யூரோ வரை இருக்கும். அதே இடத்தில் இரவு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். மூன்று நட்சத்திரத்தில் இரவுக்கு 300, 400 யூரோ என்பது சாதாரணம், பானங்கள் தனி.

இரண்டாவது காரணம் உடம்பு. பாரிஸ் நேரம் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. அங்கே இரவு விருந்து எட்டு, எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரை வரை நீளும். கோடையில்கூட அது நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவில் தொடங்கி விடிகாலை மூன்று மணிக்கு முடிகிற சாப்பாடு. வந்து இறங்கிய மறுநாளே இப்படிப் பதிவு செய்தவர்கள் ஆறாவது தட்டு வரும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் படாதபாடு படுவார்கள். மதியம் பன்னிரண்டரை என்பது நமக்கு மாலை நான்கு, ஐந்து மணி. உடம்பு விழித்திருக்கும், பசியும் இருக்கும்.

கிழமையையும் பாருங்கள். பல உணவகங்கள் சனி, ஞாயிறு மூடிவிடும். சில ஞாயிறு, திங்கள். ஆகஸ்டில் இரண்டு மூன்று வாரம் கடையைப் பூட்டிக்கொண்டு சமையல்காரர்களே விடுமுறைக்குப் போய்விடுவார்கள். நம் பள்ளிக் கோடை விடுமுறை மே மாதம் என்பதால் இதில் தப்பித்தோம். என் யோசனை செவ்வாய்க்கிழமை. அன்று லூவர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, ஆகவே மூன்று மணி நேரச் சாப்பாட்டுக்காக அதை இழக்கிறோமே என்ற உறுத்தல் இருக்காது. பயணத்தின் மூன்றாம் அல்லது நான்காம் நாள் செவ்வாயாக அமைந்தால் மிக நல்லது.

மூன்றாம் படி: மேசை பிடிப்பது

பெரும்பாலான இடங்களில் உணவகத்தின் சொந்த இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். எத்தனை நாளைக்கு முன் திறக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும்: சிலர் மூன்று மாதம், சிலர் ஒரு மாதம். செப்தீம் போன்ற நெருக்கடியான கடைகளில் மூன்று வாரத்துக்கு முன் திறந்து மளமளவென்று தீர்ந்துவிடும். பாரிஸில் காலை பத்து மணிக்குத் திறக்கிறது என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30, கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நேரமெல்லாம் 24 மணிக் கணக்கில்தான் இருக்கும்.

பதிவின்போது கார்டு எண் கேட்பார்கள். பணம் எடுக்க மாட்டார்கள். வராமல் போனாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளத்தான். அந்தத் தொகையையும், எத்தனை மணி நேரத்துக்கு முன்வரை ரத்து செய்யலாம் என்பதையும் பொறுமையாகப் படியுங்கள். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று இருக்கும், சில இடங்களில் அதற்கும் மேல்.

இந்தியக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே இருக்கும். வங்கியின் செயலியில் போய் நாம்தான் திறக்க வேண்டும். இணையத்தில் செலுத்துவதற்கு ஒரு பொத்தான், கடை இயந்திரத்தில் செலுத்துவதற்கு இன்னொரு பொத்தான் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டையும் திறந்து, உச்சவரம்பையும் உயர்த்திவிடுங்கள். மேசை கிடைத்து, கார்டு மறுக்கப்பட்டு, மறுபடி முயல்வதற்குள் அந்த மேசை பறிபோவது எரிச்சலூட்டும் விஷயம்.

இடம் கிடைக்கவில்லையா? காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டு வையுங்கள். ரத்து செய்வதற்கான கெடு முடிகிற நாளில் மேசைகள் திரும்ப வருவது வழக்கம். நீங்கள் தங்கும் ஹோட்டலின் வரவேற்பாளரையும் கேட்கச் சொல்லலாம். இரண்டு பேருக்கு என்றால் சில சமயம் நடக்கும். ஆறு பேருக்கு நடக்காது.

குழந்தைகள் உடன் வந்தால் பதிவிலேயே வயதைச் சொல்லுங்கள். பெரிய ஹோட்டல்களின் உணவகங்கள் பொதுவாகக் குழந்தைகளுக்குத் தனித் தட்டு செய்து கொடுக்கும். சிறிய கடைகளில் ஐந்து வயதுப் பிள்ளையை மூன்று மணி நேரம் உட்கார வைப்பது யாருக்கும் சந்தோஷம் தராது, முக்கியமாக அந்தப் பிள்ளைக்கு.

நான்காம் படி: என்ன சாப்பிட மாட்டீர்கள்?

இதை மேசையில் அல்ல, மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். அதுவும் குறைந்தது ஒரு வாரம் முன்பே.

காரணம் சமையல் நடக்கும் விதம். ஃபிரெஞ்சுச் சமையலில் சாஸ் என்பது முந்தின நாளே தொடங்குகிற வேலை. கன்றுக்குட்டி எலும்பை வறுத்து, மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, வடிகட்டி, சுண்ட வைத்த சாறுதான் பல சாஸ்களுக்கு அடிப்படை. தட்டில் வெறும் கேரட்டும் காளானும் தெரியும்; அதன் மேல் பளபளக்கும் அந்தப் பழுப்புத் துளியில் கன்று இருக்கும். மீனுக்கு மீன் முள் சாறு. இனிப்புகளில் மூஸ், ஜெல்லி போன்றவற்றில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். "இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள்" என்று மேசையில் சொல்வதால் இது எதுவும் மாறப்போவதில்லை.

அடுத்தது சீஸ். பாலைத் திரிய வைக்கப் பயன்படும் ரென்னெட், பாரம்பரியமாகக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. கொம்தே, ரொக்ஃபோர், நார்மண்டி கமம்பேர் போன்ற பாரம்பரியப் பெயருள்ள சீஸ்களுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. "சைவம்" என்று சொன்ன வாடிக்கையாளருக்குப் பரிமாறுபவர் நல்லெண்ணத்தோடு சீஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அவரைப் பொறுத்தவரை சீஸ் சைவம். அதேபோல அவர்கள் அகராதியில் முட்டையும் சைவம். ஆகவே ஒற்றைச் சொல்லை நம்பாமல், எது ஆகும், எது ஆகாது என்று பெயர் பெயராக எழுதுங்கள். எளிய ஆங்கிலம் போதும். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"செவ்வாய் மதியம் நாங்கள் நான்கு பேர் வருகிறோம். இருவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒருவர் மாட்டிறைச்சி, கன்றிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிட மாட்டார். கோழி, வாத்து, மீன் சாப்பிடுவார். ஒருவர் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார்; பால், வெண்ணெய், தயிர் சாப்பிடுவார். அவருக்கு இறைச்சிச் சாறு, மீன் சாறு, ஜெலட்டின், விலங்கு ரென்னெட் சேர்த்த சீஸ் ஆகியவையும் ஆகாது. இதற்கேற்ப முழு மெனு தர முடியுமா? முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம்."

அந்தக் கடைசி வரி முக்கியம். முட்டை இல்லாமல் இனிப்பு செய்வது ஃபிரெஞ்சுச் சமையலறைக்குப் பெரிய சோதனை. முடியாது என்று நேர்மையாகப் பதில் எழுதும் கடைகள் உண்டு. அந்தப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் தேடுவதே உத்தமம். வேண்டாவெறுப்பாகச் செய்து தரும் கடையில் நான்கு தட்டு சாலட் வரும், பில் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முழுச் சைவக் குடும்பமாக இருந்து பணமும் ஒரு பொருட்டில்லை என்றால் ஆர்பேஜ் என்ற மூன்று நட்சத்திர உணவகத்தைப் பாருங்கள். அதன் செஃப் அலன் பஸார் 2001-இல் மெனுவிலிருந்து மாட்டிறைச்சி முதலான சிவப்பு இறைச்சியை எடுத்துவிட்டுத் தன் சொந்தத் தோட்டத்துக் காய்கறிகளை முன்னால் கொண்டுவந்தவர். 2025-இல் மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்கிவிட்டார். தேன் மட்டும் விதிவிலக்கு. ஒரு வெங்காயத்தையோ பீட்ரூட்டையோ வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று காட்டும் இடம். மதியத்துக்கே 250 யூரோவுக்கு மேல் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அசைவர்களுக்கும் இரண்டு எச்சரிக்கை. வாத்து, புறா, ஆட்டிறைச்சி எல்லாம் உள்ளே இளஞ்சிவப்பாகத்தான் வரும். நன்றாக வேக வைக்கச் சொல்லலாம், செய்வார்கள், ஆனால் அந்தத் தட்டின் அர்த்தமே போய்விடும். மீனைத் தேர்ந்தெடுப்பது மேல். மது ஆகாதவர்கள் அதையும் மின்னஞ்சலில் எழுதுங்கள், ஏனென்றால் பல சாஸ்களில் ஒயினோ கோன்யாக் என்ற பிராந்தியோ இருக்கும்.

ஐந்தாம் படி: உடையும் அந்த நாளும்

பட்டுப் புடவை கச்சிதமான உடை. சல்வாரும் அப்படியே. ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, காலர் உள்ள சட்டை, தோல் காலணி. பழைய பாணி உணவகங்களில் இரவுக்குக் கோட் கேட்பார்கள், பதிவின் உறுதிக் கடிதத்தில் எழுதியிருக்கும். அரைக்கால் சட்டை, ஸ்போர்ட்ஸ் ஷூ, செருப்பு மூன்றையும் ஹோட்டலில் விட்டுவிடுங்கள். வாசனைத் திரவியம் குறைவாக, ஏனென்றால் பக்கத்து மேசைக்காரர் ஒயினை முகர்ந்து பார்க்கத்தான் காசு கொடுத்திருக்கிறார்.

காலையில் ஹோட்டல் உணவு இலவசம் என்பதற்காக வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். முதுகுப் பையும் வாங்கிய பொருள்களுமாக நேராக ஊர் சுற்றி வந்து இறங்காமல், அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு கிளம்புவது நல்லது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: உள்ளே நுழைந்ததும்

வாயைத் திறந்தால் முதல் சொல் "பொன்ஜூர்" என்று இருக்கட்டும், இரவென்றால் "பொன்சுவார்". அதைச் சொல்லாமல் நேரடியாகப் பெயரைச் சொல்வதும் கேள்வி கேட்பதும் ஃபிரெஞ்சுக்காரர்களுக்கு மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டால் போதும், பிறகு ஆங்கிலத்திலேயே பேசலாம்.

நீங்களாகப் போய் மேசையைத் தேர்ந்தெடுக்க முடியாது, அழைத்துப் போவார்கள். நாற்காலியை இழுத்து, நீங்கள் உட்காரும் போது உள்ளே தள்ளுவார்கள். பெண்கள் கைப்பையைத் தரையில் வைக்கக் குனிந்தால், பெரிய உணவகங்களில் ஒருவர் ஓசையில்லாமல் வந்து முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சின்ன முக்காலியை நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பார். அது பைக்கு. குழந்தை உட்காருவதற்கு என்று நினைத்தவர்கள் உண்டு.

உட்கார்ந்த இரண்டாம் நிமிடத்தில்தான் முதல் செலவு. ஒரு வண்டி வரும், பனிக்கட்டியில் நாலைந்து ஷாம்பெயின் பாட்டில்கள், அழகான புன்னகை, "தொடங்குவதற்கு ஒரு கோப்பை?" விலை எங்கும் எழுதியிருக்காது. ஒரு கோப்பை 25 யூரோவும் இருக்கலாம், 40-ம் இருக்கலாம். நான்கு பேர் தலையாட்டினால் இன்னொருவரின் மதிய உணவுக்கான பணம் அங்கேயே போய்விடும். வேண்டும் என்றால் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்பது கௌரவக் குறைவு இல்லை. வேண்டாம் என்றால் "நோன், மெர்சி". அவர் புன்னகை மாறாமல் நகர்ந்துவிடுவார்.

அடுத்து தண்ணீர். சாதாரணமா, குமிழ் உள்ளதா என்று கேட்பார்கள். இரண்டுமே பாட்டில், இரண்டுக்கும் காசு. ஃபிரான்ஸில் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். "உன் கராஃப் தோ" என்றால் ஒரு கண்ணாடிக் குடுவையில் வரும். மூன்று நட்சத்திரத்திலும் கேட்கலாம்; அங்கே எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், உங்களுக்கு இல்லையென்றால் கேளுங்கள்.

ஏழாம் படி: மெனுவும் ஒயினும்

பழைய பாணிக் கடைகள் சிலவற்றில் இன்றும் விருந்து கொடுப்பவருக்கு மட்டும் விலை போட்ட அட்டை, மற்றவர்களுக்கு விலை இல்லாத அட்டை தருகிறார்கள். ஆணும் பெண்ணுமாகப் போனால் ஆணிடம்தான் விலை அட்டை போகும் என்ற பழங்காலத்து நினைப்பும் அங்கங்கே மிச்சமிருக்கிறது. உங்கள் கையில் உள்ளதில் விலை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

குறிப்பிட்ட விலைக்கு இத்தனை தட்டு என்பது ஒரு வழி. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. முதல் முறை போகிறவர்களுக்கு முதல் வழிதான் நல்லது, செலவு முன்கூட்டியே தெரியும். நீளமான சுவை மெனுவை மேசையில் உள்ள எல்லோரும் எடுத்தாக வேண்டும் என்று பெரும்பாலும் நிபந்தனை இருக்கும். ட்ரஃபிள் என்ற அரிய நிலத்தடிக் காளானின் சீவல், காவியார் என்ற மீன் முட்டை என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னால் அதற்குத் தனி விலை. இலையுதிர் காலத்தில் வெள்ளை ட்ரஃபிள் வரும்போது அந்த விலை தட்டின் விலையையே தாண்டலாம்.

ஒயின் பட்டியல் சில இடங்களில் தலையணை கனத்தில் இருக்கும். அதைப் படிக்க முயலாதீர்கள். ஒயின் வல்லுநரான சொமலியே வந்ததும், பட்டியலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு விலையின் மேல் விரலை வைத்து, "இது மாதிரி ஒன்று, எங்கள் தட்டுகளுக்கு ஏற்றதாக" என்று கேளுங்கள். விரல் எங்கே இருக்கிறது என்பதை அவர் புரிந்துகொள்வார். மேசையில் மற்றவர்களுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் சைகை இது. பாட்டில் வந்ததும் பெயரைக் காட்டுவார், சிறிது ஊற்றுவார். அது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை. ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான். நனைந்த அட்டைப் பெட்டி வாடை அடித்தால் சொல்லுங்கள், மாற்றித் தருவார். இல்லையென்றால் தலையசைத்தால் போதும்.

குடிக்காதவர்கள் எந்தச் சாக்கும் சொல்ல வேண்டியதில்லை. பழச்சாறு, மூலிகை, புளிக்க வைத்த தேநீர் என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்றபடி மதுவில்லாப் பானங்களைத் தரும் உணவகங்கள் இப்போது பெருகிவிட்டன. கேட்டுப் பாருங்கள், அதுவும் விலையோடு.

எட்டாம் படி: சாப்பாடு

நீங்கள் கேட்காமலேயே ஒன்றிரண்டு வாய்க்கவளங்கள் வரும், பில்லில் சேராது. விரலால் எடுத்துச் சாப்பிடலாம். பிறகு ரொட்டியும் வெண்ணெயும். ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்து, அந்தத் துண்டுக்கு மட்டும் வெண்ணெய் தடவுவது முறை. நல்ல வெண்ணெயும் நல்ல ரொட்டியும் சேர்ந்தால் அதிலேயே வயிறு நிறைந்துவிடும் ஆபத்து உண்டு. பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான 2023-ஆம் ஆண்டுப் பரிசை வென்றவர் இலங்கையில் பிறந்த தமிழர் தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசோடு ஓராண்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி வழங்கும் பொறுப்பும் வருகிறது. நகரத்தின் உணவகச் சமையலறைகளிலும் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள்.

கத்தி, ஃபோர்க் விஷயத்துக்கு வருவோம். வெளியிலிருந்து உள்ளே. அவ்வளவுதான். பல இடங்களில் ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதால் அந்தக் குழப்பமும் இல்லை. சாப்பிட்டு முடித்தால் இரண்டையும் ஒன்றுக்கொன்று இணையாகத் தட்டில் வையுங்கள். நம் ஊர்ப் பந்தியில் இலையை மடிப்பது போல, எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதுவே அடையாளம். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று விட்டுவிடுவார்கள். கைகளை மடியில் ஒளிக்காமல் மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்துக்கொள்வது ஃபிரெஞ்சு வழக்கம்.

சுவை பற்றி ஒரு வார்த்தை. காரம் இருக்காது. முதல் இரண்டு தட்டு சப்பென்று தோன்றலாம். நாக்கு அந்தச் சுருதிக்கு இறங்கிவர நேரம் எடுக்கும். வெண்ணெயின் புளிப்பு, மீனின் இனிப்பு, சாஸின் அடியில் கிடக்கும் கசப்பு எல்லாம் மெதுவாகத்தான் தெரியும். உப்பு வேண்டுமென்றால் கேட்கலாம். பையிலிருந்து ஊறுகாய் பாக்கெட்டை எடுப்பது மட்டும் வேண்டாம். தட்டுகளை மேசையைச் சுற்றி அனுப்புவதையும் தவிர்க்கலாம். ஒன்றைப் பகிர்ந்து சாப்பிட ஆசை என்றால் முன்பே சொன்னால் சமையலறையிலேயே இரண்டாகப் பிரித்து வைப்பார்கள். புகைப்படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது. சூடான தட்டை ஐந்து நிமிடம் படம் பிடிப்பது அதைச் சமைத்தவருக்குச் செய்யும் துரோகம்.

முக்கிய உணவுக்கும் இனிப்புக்கும் நடுவில் சீஸ் வண்டி வரும். மூடியைத் திறந்ததும் மாட்டுக் கொட்டகை வாசனை குப்பென்று எழும், பின்வாங்காதீர்கள். இருபது வகைகூட இருக்கலாம், மூன்று அல்லது நான்கு போதும். ஆட்டுப்பால் சீஸ் ஒன்று, மேல்தோல் வெள்ளையாக உள்ளே குழைந்திருப்பது ஒன்று, இரண்டாண்டு முதிர்ந்த கொம்தே ஒன்று, துணிச்சல் இருந்தால் நீலப் பூசணம் பிடித்த ரொக்ஃபோர். பரிமாறுபவரே வெட்டி, மென்மையானதிலிருந்து காட்டமானது வரை தட்டில் வட்டமாக அடுக்கித் தருவார். அந்த வரிசையில் சாப்பிடுங்கள். கொம்தேயைக் கடித்தால் நறநறவென்று படிகங்கள் பல்லில் படும், வறுத்த முந்திரி ருசி வரும். நம் நாக்குக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் சீஸ் அதுதான். வண்டி மெனுவில் சேர்த்தியா, தனிக் காசா என்று கேட்டுக்கொள்ளவும்.

அப்புறம் மேசை விரிப்பில் சிதறிய ரொட்டித் துகளை ஒரு சிறிய உலோகத் தகட்டால் வழித்தெடுப்பார்கள். இனிப்பு வரப்போகிறது என்று பொருள். இனிப்புக்கு முன் ஒரு குட்டி இனிப்பு, பின் ஒரு குட்டி இனிப்பு வரிசை என்று அது நீளும். காபி எல்லாம் முடிந்த பிறகே வரும், சின்னக் கோப்பையில் கறுப்பாக. பால் வேண்டுமென்றால் "நுவஸெத்" என்று கேளுங்கள், ஒரு சொட்டுப் பால் நுரையோடு வரும். டிகாக்‌ஷன் காபியை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

ஒன்பதாம் படி: பில்

கேட்காமல் வராது. கேட்காமல் கொடுப்பது வாடிக்கையாளரை விரட்டுவதாகும் என்று நினைப்பவர்கள் அவர்கள். அரை மணி நேரம் காத்திருந்து கோபப்படுவதை விட, கண்ணைப் பார்த்து "லாதிசியோன், சில் வூ ப்ளே" என்று சொல்லுங்கள். வந்ததும் வரி வரியாகப் பாருங்கள். தண்ணீர், காபி, கோப்பை ஒயின் எண்ணிக்கையில்தான் தப்பு நேரும்.

ஃபிரான்ஸில் அட்டையில் போட்ட விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்கும். அமெரிக்காவைப் போல இருபது சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனம் நிறைந்தால் பத்து, இருபது யூரோ நோட்டு ஒன்றை மேசையில் விட்டுப் போகலாம். இப்போது சில இடங்களில் கார்டு இயந்திரமே டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கிறது. பூஜ்யத்தை அழுத்தினாலும் யாரும் துரத்தி வர மாட்டார்கள்.

அதே இயந்திரம் இன்னொரு கேள்வியும் கேட்கும்: யூரோவிலா, ரூபாயிலா? யூரோ என்று அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பின்னால் உள்ள நிறுவனம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும். நம் வங்கியும் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம் வரை கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும் என்பதால், பட்ஜெட் போடும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது அன்றைய மெனுவின் பிரதி ஒன்று கேட்டால் பெரும்பாலும் உறையில் போட்டுத் தருவார்கள். சமையலறையை எட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்கலாம். மதிய நேரம் முடிந்து ஓய்ந்திருந்தால் சில இடங்களில் அழைத்துப் போவார்கள்.

அன்று இரவுக்கு வேறெங்கும் மேசை பதிவு செய்யாதீர்கள், பசிக்காது. ஒன்பது மணிக்கு மேல் நாக்கு நம் ஊர்ச் சாப்பாட்டைத் தேடினால் லா ஷாப்பெல் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஃபோபூர் சான் தெனி தெருவுக்கு நடந்து போங்கள். அங்கே யாழ்ப்பாணக் கடைகளில் கொத்து ரொட்டி கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.